வினாத்தாள் கட்டுகளும் மருத்துவ பீடக் கனவும்

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் பிள்ளையொன்று கற்கும் வீட்டை அடையாளம் காண்பது கடினமன்று. மேசைக்குக் கீழே ஒரு கட்டு, அலுமாரிக்கு மேலே ஒரு கட்டு, கட்டில் தலைமாட்டில் இன்னொன்று என்று வினாத்தாள்கள் குவிந்து கிடக்கும். ரியூசன் வகுப்பில் தந்தவை, கண்டியிலிருந்து மாமா அனுப்பியவை, போன வருடம் பரீட்சை எழுதிய மச்சி கொடுத்தவை, வட்ஸ்அப்பில் வந்து கடையில் அச்செடுத்தவை எனப் பல வகை. இவற்றுக்காகச் செலவான பணத்தின் கணக்கை உம்மா ஒருவர்தான் அறிவார். ஆனால் அந்தக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவை பேனை படாத தாள்கள். பேனை பட்டவற்றிலும் முதல் பத்து வினாக்களோடு நின்று போனவை அநேகம்.

நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதி, பாடசாலையில் இஸ்லாம் கற்பிப்பவன். ஆயினும் மாதிரிப் பரீட்சைகளின்போது மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்பவன் என்ற வகையிலும், விஞ்ஞானப் பாட ஆசிரியர்களோடு ஒரே அறையில் ஆண்டுக்கணக்காக இருந்து வருபவன் என்ற வகையிலும், இந்தத் தாள்கள் எவ்வாறு பயன்படுகின்றன, எவ்வாறு வீணாகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். எமது ஊர்களில் பெண் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள நகரத்து வகுப்புகளுக்கு இரவில் அனுப்ப வீட்டார் தயங்குகின்றனர். அந்தத் தயக்கம் சரியா பிழையா என்பது வேறு விடயம். அப்படித் தயங்கும் வீடுகளில் வகுப்பின் இடத்தை நிரப்புவது இந்த வினாத்தாள்களே. ஆகவே எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சிறிய விடயமல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். எமது நாட்டில் அரச பல்கலைக்கழக மருத்துவ பீடங்களுக்கெனத் தனியான நுழைவுப் பரீட்சை கிடையாது. உயர்தரப் பரீட்சையே அந்த வாசல். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சித்தியடைய வேண்டும். மூன்றினதும் இசட் புள்ளிகளின் சராசரியைக் கொண்டே தெரிவு நடைபெறுகிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்தவையெனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அம்பாறை, திருகோணமலை, மன்னார், புத்தளம் முதலியவை இந்தப் பதினாறில் அடங்கும்.

இசட் புள்ளி என்றதும் பல தாய்மார் அது ஏதோ கணினி செய்யும் மந்திரம் என்று நினைத்து விடுகின்றனர். பிள்ளை பெற்ற புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரதும் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதைக் காட்டும் அளவு அது. வினாத்தாள் கடினமாக இருந்து நாடெங்கும் சராசரி விழுந்துவிட்டால் 60 புள்ளியும் உயர்ந்த இடத்தைத் தரும். தாள் இலகுவாக இருந்தால் 75 புள்ளியும் சாதாரணமாகி விடும். இதை ஏன் இங்கு சொல்கிறேன்? தனியார் வகுப்பொன்றின் மாதிரித் தாளில் மகள் 40 எடுத்தாள் என்று வீட்டில் அழுகை. இன்னொரு தாளில் 85 எடுத்தாள் என்று அயல் வீடெல்லாம் செய்தி. இரண்டிலும் பொருளில்லை. அந்தத் தாளை எழுதிய மற்றப் பிள்ளைகள் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாதவரை அந்த எண் வெறும் எண்தான். மாகாணக் கல்வித் திணைக்களங்களின் தவணைத் தாள்களுக்கு இவ்விடத்தில் ஒரு சிறப்புண்டு. ஒரே தாளைப் பல பாடசாலைப் பிள்ளைகள் ஒரே நாளில் எழுதுவதால், தன் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று ஓரளவேனும் ஒப்பிட முடிகிறது.

எது முதலில்?

கடந்தகால வினாத்தாள்கள்தான் முதலில். பரீட்சைத் திணைக்களம் வெளியிட்ட உண்மையான தாள்களுக்கு நிகராக வேறு எதுவும் இல்லை. ஆனால் “முப்பது வருட வினாக்கள்” என்று தடித்த எழுத்தில் அட்டை போட்டு விற்கப்படும் புத்தகங்களைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். 1990களின் இறுதிவரை உயர்தரத்தில் நான்கு பாடங்கள் இருந்தன. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். அவை உயிரியல் என்ற ஒரே பாடமானது 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்துதான். அதன் பின்னரும் பாடத்திட்டம் மாறியே வந்துள்ளது. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்கு வெவ்வேறு தாள்கள் வந்தன. இரு தரப்பாருக்கும் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதைய பாடத்திட்டத்துக்கான முதற் பரீட்சை 2019இல் நடைபெற்றது.

இதன் பொருள் 2019க்கு முந்திய தாள்களை அடுப்பில் போட வேண்டும் என்பதல்ல. பாடத்துக்குப் பாடம் இது வேறுபடும். பௌதிகவியலில் இயக்கவியல், ஒளியியல், மின்னியல் போன்ற பகுதிகளின் பழைய வினாக்கள் இன்றும் உயிருள்ளவை. விசை விசையாகவே இருக்கிறது. இரசாயனவியலிலும் கணித்தல் வினாக்களின் பெரும்பகுதி அப்படியே. உயிரியலில்தான் அவதானம் வேண்டும். இங்கே விடையென்பது தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல் என்ன சொல்கிறதோ அதையொட்டியே அமையும். பழைய தாளொன்றின் விடை வளநூலோடு முரண்பட்டால் வளநூலையே பிடித்துக்கொள்ள வேண்டும். மகள் பழைய தாளொன்றைக் கையில் எடுத்ததும், இன்றைய பாடத்திட்டத்தில் இல்லாத வினாக்களைப் பென்சிலால் வெட்டிவிட்டு மிகுதியைச் செய்வதே முறை. வெட்டுவதற்குப் பாடத்திட்டத்தின் பிரதியொன்று மேசையில் இருக்க வேண்டும். வினாத்தாள் ஐம்பது வைத்திருக்கும் வீட்டில் பாடத்திட்டம் ஒன்று இல்லாதிருப்பதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்!

ஆண்டைப் பார்க்கும்போதும் ஒரு கவனம் தேவை. கொவிட் காலத்தில் பரீட்சைகள் பிந்தியதால், 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 ஜனவரியிலும், 2023க்குரியது 2024 ஜனவரியிலும் தொடங்கின. கடைகளில் சிலர் நடந்த ஆண்டையும் சிலர் உரிய ஆண்டையும் போடுவதால், ஒரே தாளை இரு பெயரில் இரு முறை வாங்கிய வீடுகளும் உண்டு.

இரண்டாவதாக வாங்க வேண்டியது புள்ளி வழங்கும் திட்டம். விடைத் திட்டமில்லாத வினாத்தாளை வாங்குவது மருந்தின் பெயரில்லாத போத்தலை வாங்குவது போன்றது. தனியார் வெளியிடும் “விடைகள்” வேறு, திணைக்களத்தின் புள்ளி வழங்கும் திட்டம் வேறு. பின்னையதில்தான் எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று காணலாம். உயிரியல் கட்டுரையில் அழகான முன்னுரைக்குப் புள்ளியில்லை. சரியான ஒவ்வொரு விடயத்துக்கும் தனித்தனியே புள்ளி. எமது பெண் பிள்ளைகளுள் நல்ல தமிழ் எழுதும் பலர் இதனாலேயே இழக்கின்றனர். பக்கம் நிறைந்திருக்கும், விடயம் குறைந்திருக்கும். இரசாயனவியலில் அலகு, பௌதிக நிலை ஆகியவற்றை விடுவது, பௌதிகவியல் வரைபில் அச்சுகளைப் பெயரிடாது விடுவது, உயிரியல் வரிப்படத்தில் பாகங்களைப் பெயரிட மறப்பது ஆகியன ஒவ்வொன்றாகப் பார்க்கச் சிறியவை. மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளியில் பிள்ளைகள் தவறிப்போவதும் இத்தகைய சிறியவற்றாலேயே.

மூன்றாவது, பலர் கேள்விப்பட்டிராத ஒன்று. பரீட்சைத் திணைக்களம் பாடங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. பல்தேர்வு வினா ஒவ்வொன்றிலும் எந்தத் தெரிவை எத்தனை வீதமான மாணவர் எடுத்தனர் என்பது அதில் இருக்கும். எழுத்து வினாக்களில் மாணவர் எங்கே பிழை விட்டனர் என்ற அவதானிப்பும் இருக்கும். இசட் புள்ளியின் தன்மையை அறிந்தவருக்கு இது பொக்கிஷம். பத்தில் எட்டுப் பேர் சரியாகச் செய்த வினாவை உங்கள் மகள் பிழைத்திருந்தால், அந்த அலகை அன்றிரவே திருத்திப் படிக்க வேண்டும். மற்றவர் எல்லாம் முன்னே செல்ல அவள் மட்டும் பின்னே நிற்கிறாள் என்று பொருள். பத்தில் இருவரே சரியாகச் செய்த வினாவைப் பிழைத்ததற்காக மனமுடையத் தேவையில்லை. எந்தப் பிழைக்கு முதலில் நேரம் கொடுப்பது என்பதை இவ்வறிக்கை போல வேறெந்தத் தாளும் சொல்லித் தராது.

இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்கள்

சென்னைக்குப் போய் வருபவர்கள் ‘நீட்’ பரீட்சைக்கான தடித்த புத்தகங்களை வாங்கி வருகிறார்கள். நல்ல புத்தகங்கள்தான். ஆனால் அவை வேறு பரீட்சைக்குரியவை. நீட் தேர்வில் நான்கு தெரிவுகள்; சரியான விடைக்கு 4 புள்ளி, பிழையான விடைக்கு 1 கழிக்கப்படும். அங்கே தெரியாததை விட்டுவிடுவது புத்தி. எமது பரீட்சையில் ஐந்து தெரிவுகள், பிழைக்குக் கழிவு இல்லை. இங்கே ஒரு வினாவையேனும் வெறுமையாக விடுவது நட்டம். இரண்டிலும் மாறி மாறிப் பயிலும் பிள்ளைக்கு எந்தப் பழக்கம் கையில் வரும்?

இதைவிடப் பெரிய சிக்கல் மொழி. தமிழ்நாட்டில் ‘வேகம்’ என்பதை நாம் ‘கதி’ என்கிறோம். அவர்களின் ‘திசைவேகம்’ எமக்கு ‘வேகம்’. ஒரே சொல், இரண்டு கணியங்கள்! முடுக்கம் என்பது எமது ஆர்முடுகல். செல் என்பது கலம், திசு என்பது இழையம், நொதி என்பது நொதியம், ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு. பாடத்தை விளங்கிய பிள்ளை சொல்லில் தடுக்கி விழுவதற்கு இது போதும். அத்திவாரம் உறுதியான பிள்ளை, கடந்தகாலத் தாள்களை முடித்த பின் மேலதிகப் பயிற்சிக்காக அவற்றைப் பார்க்கலாம். தரம் 12 பிள்ளையின் கையில் கொடுப்பதை நான் விரும்பவில்லை.

மொழி பற்றிப் பேசுகையில் இன்னொன்று. ரியூசன் மாதிரித் தாள்களிற் சில சிங்களத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்க்கப்பட்டவை. வினாவே விளங்காதபோது பிள்ளை தன்னைத்தான் மந்தபுத்தி என்று எண்ணிக்கொள்கிறது. அப்படியான தாளை ஆசிரியரிடம் காட்டி, வேண்டுமானால் ஆங்கிலப் பிரதியோடு ஒப்பிட்டு, பிழை தாளில்தான் என்று தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். பிழையான விடைகளோடு அச்சான தாள்களும் உண்டு. விடை ஐயமாயிருந்தால் தோழியோடு வாதாடி இரவைக் கழிப்பதைவிட வளநூலைத் திறப்பது மேல்.

‘எதிர்பார்க்கை வினாக்கள்’ பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பரீட்சை நெருங்கும்போது ஒரு குறித்த நாளிலிருந்து வகுப்புகள் நடத்துவதும் இத்தகைய தாள்களை அச்சிட்டு விநியோகிப்பதும் திணைக்களத்தால் தடை செய்யப்படுகின்றன. 2023ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியே கசிந்ததால், 2024 ஜனவரியில் அப்பரீட்சை இரத்தாகி, நேர்மையாக எழுதிய பிள்ளைகளும் மீண்டும் எழுத நேர்ந்தது. “வரப்போகும் கேள்வி இதுதான்” என்று நள்ளிரவில் கைத்தொலைபேசிக்கு வருபவற்றைத் திறவாமலே அழித்து விடுங்கள்.

எப்படிப் பயன்படுத்துவது?

சென்ற ஆண்டு ஒரு தாய் என்னைச் சந்தித்தார். “மௌலவி, மகள் எல்லாப் பாஸ்ட் பேப்பரும் செய்து முடிச்சிட்டாள், இன்னும் எங்க பேப்பர் எடுக்கலாம்?” என்று கேட்டார். பிள்ளை தரம் 13இன் நடுப்பகுதியில். விசாரித்ததில், அலகு அலகாகப் படிக்கும்போதே அண்மைய ஆண்டுத் தாள்கள் அனைத்தையும், விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தப் பிள்ளை செய்து முடித்திருந்தது தெரியவந்தது. விடைகள் மனனமாகிவிட்டன. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில் முழுத் தாளாக எழுதிப் பார்க்கப் புதிய தாள் ஒன்றுமே மிஞ்சவில்லை.

இப்போதைய பாடத்திட்டத் தாள்கள் ஆண்டுக்கு ஒன்று வீதமே உண்டு. அவற்றை உம்மா பூட்டி வைத்துக்கொள்வது நல்லது. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அலகு வாரியான பயிற்சிக்கு 2019க்கு முந்திய தாள்களும் மாகாணத் தாள்களும் தாராளமாகப் போதும். அண்மைய ஐந்து ஆண்டுத் தாள்களை அலுமாரியில் வைத்து, பாடத்திட்டம் முடிந்த பின் வாரத்துக்கு ஒன்றாக வெளியே எடுங்கள்.

எடுக்கும் நாளில் அது வீட்டுப் பரீட்சையாக நடைபெற வேண்டும். முதலாம் பகுதி 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலங்கள்; ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. இரண்டாம் பகுதி மூன்று மணித்தியாலங்கள். அதற்கு முன் வாசிப்பதற்கு மேலதிகமாக 10 நிமிடங்கள். நான்கு அமைப்புக் கட்டுரைகள் கட்டாயம், கட்டுரை வினாக்களில் நான்கு தெரிவு. மூன்று மணித்தியாலங்களை எட்டு வினாக்களால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஏறத்தாழ 22 நிமிடங்கள். முதற் கட்டுரையை முக்கால் மணித்தியாலம் அலங்கரிக்கும் பிள்ளை கடைசிக் கட்டுரையைத் தொடுவதில்லை. வாசிப்பு நேரத்தில் எந்தக் கட்டுரைகளை எடுப்பது என்று தெரிவு செய்வதும் பழகிப் பெற வேண்டிய கலைதான். இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் கணிப்பான் அனுமதியில்லை. ஆகவே வீட்டிலும் கைத்தொலைபேசிக் கணிப்பான் மேசையில் இருக்கக் கூடாது. மடக்கையும் பின்னமும் கையாற் செய்து பழகாத பிள்ளைக்கு மண்டபத்தில் நேரம் போதாது.

இங்குதான் தாய்மாரின் பங்கு வருகிறது. “எனக்கு சயன்ஸ் தெரியாதே, நான் என்ன செய்வது” என்று பலர் ஒதுங்குகின்றனர். மண்டப மேற்பார்வைக்கு விஞ்ஞானம் தேவையில்லை. நானும் விஞ்ஞானம் அறியாமல்தானே நிற்கிறேன்! கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பமும் முடிவும் சொல்ல, நேரம் முடிந்ததும் இரக்கப்படாமல் தாளை வாங்கிக்கொள்ள, எட்டாம் வகுப்போடு நிறுத்திய உம்மாவாலும் முடியும். பல்தேர்வு விடைகளைத் திணைக்கள விடையோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பேனையால் சரி பிழை போடவும் முடியும். அந்த ஐந்து மணித்தியாலங்களும் தேங்காய் துருவவும், தம்பியைப் பார்க்கவும், வந்த விருந்தாளிக்குத் தேநீர் போடவும் மகளை அழைக்காதிருப்பது எல்லாவற்றிலும் பெரிய உதவி. ஆண் பிள்ளை படிக்கும்போது கதவைச் சாத்திவிடும் வீடுகள் பெண் பிள்ளை படிக்கும்போது அதே கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. லேடி டொக்டர் வேண்டுமென்று கர்ப்பிணி மகளை ஊர் ஊராக அழைத்துச் செல்லும் நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

எழுதிய தாளைத் திருத்துவது எழுதுவதைவிட முக்கியம். மூன்று மணித்தியாலம் எழுதினால், மறுநாள் அதே அளவு நேரம் திருத்தத்துக்கு வேண்டும். இதற்கெனத் தனிக் கொப்பி ஒன்று இருக்கட்டும். பிழைத்த வினாவின் இலக்கம், ஆண்டு, அலகு ஆகியவற்றை எழுதி, ஏன் பிழைத்தது என்று ஒரு வரி. பாடம் தெரியாததா, வினாவைச் சரியாக வாசிக்காததா, கணக்கிற் பிசகா, நேரம் போதாமையா? சரியாக வந்தாலும் ஊகத்தில் போட்டதென்றால் அதையும் குறிக்க வேண்டும். அதிர்ஷ்டம் மண்டபத்துக்கு வருமென்று உறுதியில்லை. நான்கைந்து தாள்கள் முடிந்ததும் அக்கொப்பியைப் புரட்டினால் பிள்ளையின் நோய் தெரியும். இரசாயனவியற் பல்தேர்வில் 31 முதல் 40 வரையான வினாக்கள், சரியான கூற்றுகளின் சேர்க்கையைத் தெரிவு செய்யும் வகையைச் சேர்ந்தவை. 41 முதல் 50 வரை இரு கூற்றுகளின் தொடர்பைக் கேட்பவை. பிழைகள் இந்த இருபதிலேயே கூடி நின்றால் குறை பாடத்தில் அல்ல, அறிவுறுத்தலை வாசிக்கும் முறையில்தான். அதற்குப் புதிய புத்தகம் வாங்கிப் பயனில்லை.

விடைகளை வினாப் புத்தகத்திலேயே எழுதாமல் வேறு தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்குப் பின் அதே தாளை மறுபடியும் எழுதலாம். அடுத்த ஆண்டு தங்கைக்கோ அயல் வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கலாம்.

ஒருவர் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் உயர்தரத்துக்குத் தோற்றலாம். முதற் தடவையில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளையைப் பெறுபேறு வந்த வாரமே புதிய வகுப்புக்கும் புதிய தாள் கட்டுக்கும் இழுத்துச் செல்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை அழுது முடிக்கட்டும். பிறகு மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் தனித்தனியே எடுத்து, எது கீழே இழுத்தது என்று பாருங்கள். அநேகமாக ஒரு பாடமாகவே இருக்கும். இரண்டாந் தடவைக்கான செலவும் நேரமும் அந்தப் பாடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். அலுமாரியில் பழைய பிழைக் கொப்பி இருக்குமானால், கடைக்குப் போகுமுன் அதை எடுத்து மேசையில் வையுங்கள்.